காமிக்ஸில் பெண் சூப்பர்ஹீரோக்களை வரைவதில் அப்படி என்ன சிக்கல்?

“ஆண் சூப்பர்ஹீரோக்களும் உடம்போடு ஒட்டிய உடையில்தான் வருகிறார்கள், அதை யாரும் குறை சொல்வதில்லை. பெண் பாத்திரத்தை அழகாக வரைந்தால் மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒரு பக்கத்தைப் பார்த்ததும், ஓவியர் இங்கே ஒரு பாத்திரத்தை வரைந்திருக்கிறாரா, பார்க்கிறவருக்காக ஓர் உடம்பை எடுத்து வைத்திருக்கிறாரா என்று, அவரவர் ரசனையைத் தாண்டிச் சொல்ல வழி உண்டா? பெரும்பாலான நேரம் உண்டு. அந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதிலிருந்தே வரும்.

நீங்கள் சொல்வதில் சரியான பாதி இது: சூப்பர்ஹீரோ ஓவியம் என்பதே மிகைப்படுத்தல்தான். சராசரி மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் இருக்கும். சூப்பர்ஹீரோவை எட்டு, எட்டரை, சில ஓவியர்கள் ஒன்பது தலை உயரத்துக்குக்கூட வரைவார்கள். இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. வேறுபாடு, மிகை எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. ஆணுக்குத் தோள், கழுத்து, முன்கை, தொடை பெருக்கும். அடிக்க, தூக்க, தாங்க வேண்டிய இடங்கள் அவை. பெண்ணுக்கு மார்பு பெருத்து, இடை சிறுத்து, கால் நீளும். காரைத் தூக்கி வீசுகிறவளின் மணிக்கட்டு ஒரு விளம்பர மாடலின் மணிக்கட்டாகவே இருக்கும். அவளுடைய சக்தி அவள் உடம்பில் எங்கேயும் தெரியாது. ஹல்க் கிழிந்த கால்சட்டையோடு மட்டும் நிற்கிறார், நேமர் நீச்சல் உடையில் திரிகிறார், யாருக்கும் உறுத்துவதில்லை. எவ்வளவு தோல் தெரிகிறது என்பது பிரச்சினையாக இருந்தால் அவர்கள் இருவரும்தான் முதலில் மாட்டியிருக்க வேண்டும். ஆணின் மிகை ‘நான் இப்படி இருந்தால்’ என்று வாசகனை நினைக்க வைக்கிறது. பெண்ணின் மிகை பெரும்பாலும் அதே வாசகன் பார்ப்பதற்காக வைக்கப்படுகிறது. இரண்டுமே ஆண் வாசகனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால் ‘இருவருக்கும் சமமாகத்தானே செய்கிறார்கள்’ என்ற வாதம் நிற்பதில்லை.

இனி ஒரு பக்கத்தைக் கையில் எடுங்கள். முதலில் முதுகெலும்பைப் பாருங்கள். வாசகர்கள் ‘உடைந்த முதுகு’ என்று பெயர் வைத்திருக்கும் ஒரு நிலை உண்டு: மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மனித முதுகில் இடுப்புப் பகுதி முன்னும் பின்னும் நன்றாக வளையும், ஆனால் சுழல்வது மிகக் குறைவு. சுழற்சியின் பெரும்பங்கு மார்புப் பகுதி முள்ளெலும்புகளில்தான் நடக்கிறது. இடுப்பை அசைக்காமல் உட்கார்ந்து தோள்களைத் திருப்பினால் சாதாரண ஆளுக்கு 45 பாகைக்குள் நின்றுவிடும். அந்த ஓவிய நிலைக்கு 90 பாகையும் அதற்கு மேலும் தேவைப்படும். நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே முயன்று பாருங்கள், அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடுத்து பாதங்களைப் பாருங்கள். குதிகால் இல்லாத தட்டையான பூட்ஸ் போட்டிருந்தும் நுனிக்காலில் நிற்கிறாளா? உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறது? குத்து விடுகிறவளின் பின்கால் தரையில் அழுந்தியிருக்க வேண்டும், இடுப்பு குத்தோடு சேர்ந்து திரும்பியிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்தக் குத்துக்குப் பலம் எங்கிருந்தும் வரப்போவதில்லை. பிறகு துணி. இழுத்துக் கட்டிய எந்தத் துணியும் இரண்டு மேடுகளுக்கு நடுவே பாலம்போல் நேராகப் போகும், பள்ளத்துக்குள் இறங்கி ஒட்டாது. பல பக்கங்களில் துணியே வரையப்பட்டிருக்காது. உடை இல்லாத உடம்பை வரைந்துவிட்டு, மேலே நிறம் மட்டும் பூசியிருப்பார்கள். தையல் கோடு, மடிப்பு, ஜிப், எதுவும் இருக்காது. ஆண் பாத்திரங்களுக்கும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயிற்றுத் தசையும் நெஞ்சுத் தசையும் தெரியும், அங்கே நிறுத்திக்கொள்வார்கள்.

கடைசியாக முகம். இரண்டு பெண் பாத்திரங்களின் தலைமுடியை விரலால் மறைத்துக்கொண்டு யார் யார் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். ஆண்களுக்குச் சதுரத் தாடை, வளைந்த மூக்கு, வழுக்கை, தழும்பு, தொப்பை என்று பத்து விதமான முகங்களைத் தரும் ஓவியர், பெண்களுக்கெல்லாம் ஒரே முகத்தைக் கொடுத்து முடி நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார். கட்டடம் இடிந்து விழும்போதும் வாய் லேசாகத் திறந்திருக்கும், புருவத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. உடையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இந்த முகப் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் முகம் இல்லாத இடத்தில் ஆள் இல்லை.

ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு மாத இதழில் 20 முதல் 22 பக்கம் கதை இருக்கும், பக்கத்துக்கு ஐந்தாறு பேனல், அதாவது படக் கட்டம். ஆக நூறுக்குக் கொஞ்சம் கூடுதலான பேனல்கள். இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நாயகி எத்தனை பேனலில் வருகிறாள்? அதில் எத்தனையில் பேசுகிறாள்? எத்தனையில் அவள் எடுத்த முடிவால் அடுத்த பேனல் மாறுகிறது? எத்தனை பேனலில் அவள் தலை கட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டு உடம்பு மட்டும் உள்ளே இருக்கிறது? அதே இதழின் ஆண் பாத்திரத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அட்டைப்படத்தைச் சேர்க்காதீர்கள், அது விற்பனைப் பிரிவின் வேலை, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். குழுக் கதைகளையும் தனி நாயகி இதழ்களையும் கலந்து எண்ணினாலும் கணக்கு குழம்பும். குழுவில் எட்டுப் பேர் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் தேவைப்படுகிறது. அங்கே ‘பெண்’ என்பதே அவளுடைய முழு அடையாளமாகிவிடும் ஆபத்து அதிகம். 2012 டிசம்பரில் இணையத்தில் ஒரு விளையாட்டு தொடங்கியது: நாயகிகளை வரைந்த அதே நிலையில் ஹாக்ஐ என்ற ஆண் பாத்திரத்தை வைத்து வரைந்து பக்கத்தில் போடுவது. சிரிப்பு வந்தது. ஆனால் அது நல்ல சோதனையும்கூட. ஆள் மாறியதும் வேடிக்கையாகத் தெரிகிற நிலை, முதலிலேயே செயலுக்காக வரையப்பட்டதல்ல.

ஏன் இப்படி ஆனது என்றால், கெட்ட எண்ணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வேலை நடக்கும் விதத்திலேயே பாதிக் காரணம் இருக்கிறது. மாத இதழுக்குப் பென்சில் ஓவியர் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு பக்கம் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கை பழகிய நிலைகளும் பத்திரிகைகளிலிருந்து வெட்டி வைத்த புகைப்படங்களுமே துணை. விளம்பர மாடலின் படத்தைப் பார்த்து வரைந்தால் சண்டைக் காட்சியிலும் அந்த மாடலின் நிற்கும் தோரணை வந்துவிடும். அசல் ஓவியப் பக்கங்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்பது பல ஓவியர்களுக்கு முக்கியமான வருமானம். முழுப்பக்கப் படம், அழகாக நிற்கும் நாயகி உள்ள பக்கம் நல்ல விலைக்குப் போகும். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசும் பக்கம் அந்த விலைக்குப் போகாது. யாரும் கட்டளையிடாமலே கை எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இதைவிடப் பெரிய காரணம் விற்பனை முறை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் காமிக்ஸ் செய்தித்தாள் கடையிலும் மளிகைக் கடையிலும் தொங்கியது, சிறுமிகளும் வாங்கினார்கள். 1947-ல் ‘யங் ரொமான்ஸ்’ இதழோடு தொடங்கிய காதல் காமிக்ஸ் அலைக்குப் பெண் வாசகர்கள் ஏராளம். 1970-களில் அந்த வகை தேய்ந்தது. அதே காலத்தில் காமிக்ஸ் தனிக் கடைகளுக்கு நகர்ந்தது. அந்தக் கடைகள் விற்காத இதழைத் திருப்பித் தர முடியாது. இதழ் வெளிவரச் சில மாதங்களுக்கு முன்பே எத்தனை பிரதி வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும். கைக்காசு போகிற இடத்தில் அவர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளரை நம்பித்தான் பந்தயம் கட்டுவார். வந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்காக வரைந்தார்கள், வரைந்ததைப் பார்த்துப் பெண்கள் இன்னும் விலகினார்கள், விலகியதைக் காட்டி ‘பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை’ என்றார்கள். பல ஆண்டுகள் சுற்றிய சக்கரம் இது.

உடைக்கும் மரியாதைக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பதற்கு வரலாற்றிலேயே நல்ல சான்று கிடைக்கிறது. 1948-ல் வந்த ‘ஃபேன்டம் லேடி’ 17-ஆம் இதழின் அட்டையில் நாயகி கயிற்றால் கட்டப்பட்டிருப்பாள். வரைந்தவர் மேட் பேக்கர், அந்தக் காலத்தில் இத்துறையில் பெயர் வாங்கிய மிகச் சில கறுப்பின ஓவியர்களில் ஒருவர். அவருடைய கோட்டின் நயத்தை யாரும் மறுக்க முடியாது. மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954-ல் காமிக்ஸுக்கு எதிராக எழுதிய நூலில் இந்த அட்டையை எடுத்துப் போட்டார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு தணிக்கை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். பெண்களின் உடலை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று அதில் தெளிவாகவே ஒரு விதி இருந்தது. ஆக, இன்று பலர் கேட்பது அன்றே எழுத்தில் கிடைத்துவிட்டது. விளைவு என்ன? 1956-ல் வந்த பேட்வுமன் கைப்பையில் ஒப்பனைப் பொருள் வடிவில் ஆயுதம் வைத்துக்கொண்டு, பேட்மேன் தன்னைக் கவனிக்க மாட்டாரா என்று ஏங்கினாள். 1959-ல் வந்த சூப்பர்கேர்ளிடம் சூப்பர்மேனுக்கு உள்ள சக்தி எல்லாம் இருந்தது. இருந்தும் அவர் சொன்னபடி ஓர் அனாதை இல்லத்தில் அடையாளத்தை மறைத்துக்கொண்டு, உலகுக்கு அறிமுகமாக 1962 வரை காத்திருந்தாள். உடை கண்ணியமாகத்தான் இருந்தது. அவளுக்குச் செய்யத்தான் எதுவும் இல்லை.

வொண்டர் வுமன் கதை இதற்கு நேர் எதிரான சிக்கல். 1941 இறுதியில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 8-ஆம் இதழில் அறிமுகமானாள். உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர், பொய் கண்டறியும் கருவிக்கு அடிப்படையான இரத்த அழுத்தச் சோதனையில் வேலை செய்தவர். பெண்கள்தான் உலகை ஆள வேண்டும் என்று நம்பினார், அதை வெளிப்படையாகச் சொன்னார். முதல் ஓவியர் ஹெச்.ஜி. பீட்டரின் பக்கங்களில் நாயகி ஓடுகிறாள், தாவுகிறாள், பாதம் தரையில் பதிகிறது. உடை சிறியதாக இருந்தும் உடம்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதே பக்கங்களில் கட்டிப்போடும் காட்சிகளுக்கும் குறைவில்லை, அப்போதே அதற்கு எதிர்ப்பு வந்தது. கட்டை அறுத்து வெளியேறுவது விடுதலையின் உருவகமா, எழுதியவரின் தனிப்பட்ட ஈர்ப்பா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் கலந்தது என்பதே என் கருத்து. ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு: மார்ஸ்டன் எழுதாத ஜஸ்டிஸ் சொசைட்டி குழுக் கதைகளில் 1942-லேயே அவளுக்குக் கிடைத்த பதவி, குழுவின் செயலாளர். ஆண்கள் சண்டைக்குப் போனார்கள், அவள் குறிப்பெடுத்தாள்.

வாசகர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் இதழ் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 11, 1963 பிப்ரவரி தேதியிட்டது. குழுவில் இருக்கும் ஒரே பெண் சூ ஸ்டார்ம். அவளுக்கு இருந்த ஒரே சக்தி மறைந்துபோவது. சண்டை தொடங்கியதும் காணாமல் போவாள், அல்லது பிடிபடுவாள். ‘இவள் குழுவுக்கு எதற்கு’ என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். இந்த இதழில் அந்தக் கடிதங்கள் கதைக்குள்ளேயே வருகின்றன. சூ மனமுடைந்து போகிறாள். அவளுக்காகப் பேச வரும் குழுத் தலைவர் ரீட், ஆபிரகாம் லிங்கனின் தாயை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்: தான் அடைந்ததெல்லாம் தாயால்தான் என்று லிங்கன் சொன்னாராம். இந்தப் பதிலை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாசகர் கேட்டது, இவள் என்ன செய்கிறாள் என்று. கிடைத்த பதில், பெரிய ஆண்களுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்று. குறை பாத்திரத்திடம் இல்லை, அவளுக்கு வேலை கொடுக்காத கதையில் இருக்கிறது என்பதை ஆசிரியர் குழுவும் உள்ளூர உணர்ந்திருக்க வேண்டும். 1964 ஜனவரி தேதியிட்ட 22-ஆம் இதழில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு அரண் எழுப்பும் சக்தியை அவளுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் இல்லாமல் அந்தக் குழு பல சண்டைகளில் பிழைத்திருக்காது. அன்றைய மார்வெல் முறையில் ஓவியர் முதலில் பக்கத்தை வரைவார், வசனம் பிறகு எழுதப்படும். படத்தில் துணிச்சலாக நிற்கும் சூவை, வசனம்தான் பயந்தவளாக மாற்றியது என்று சிலர் வாதிடுகிறார்கள். சில பக்கங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் யார் எதைச் சொல்லி எதை வரைந்தார்கள் என்பது பேனலுக்குப் பேனல் மாறும், அதனால் இதைப் பொதுவிதியாக்க மாட்டேன்.

சூ, ஜீன் கிரே, ஸ்கார்லெட் விட்ச் மூவரும் 1961-க்கும் 1964-க்கும் இடையில் வந்தவர்கள். மூவரின் சக்தியும் தூரத்தில் நின்று கையை நீட்டினால் நடக்கிறது. கசங்காமல், வியர்க்காமல், அடிபடாமல் ஒரே இடத்தில் நிற்கலாம். பிற்காலத்தில் இவர்களின் சக்தி பெருகியபோது என்ன ஆயிற்று? ஜீன் 1980-ல் டார்க் ஃபீனிக்ஸாகி ஒரு உலகத்தையே அழித்து, உயிரையும் விட்டாள். சூ 1985-ல் மாலிஸ் என்ற கொடியவளாக மாற்றப்பட்டாள். ஸ்கார்லெட் விட்ச் 2004-ல் மனம் பேதலித்துத் தன் நண்பர்களையே கொன்றாள். ஒவ்வொன்றும் தனியாகப் படித்தால் வலுவான கதை, ஜீனின் முடிவு இன்றும் கண்கலங்க வைக்கும். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான், அளவுக்கு மீறிய சக்தி பெண்ணிடம் வந்தால் அவளால் தாங்க முடியாது என்ற ஒரே வார்ப்பு தெரிகிறது. சூ விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல திருப்பம். அந்த மாலிஸ் கதையை முடித்த கையோடு, அதை எழுதி வரைந்த ஜான் பர்ன், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 284-ஆம் இதழில் அவளே தன் பெயரை ‘இன்விசிபிள் கேர்ள்’ என்பதிலிருந்து ‘இன்விசிபிள் வுமன்’ என்று மாற்றிக்கொள்ள வைத்தார். அதற்குள் அவள் மணமாகிக் குழந்தையும் பெற்றிருந்தாள், 1961 முதல் 24 ஆண்டுகள் ‘சிறுமி’யாகவே அழைக்கப்பட்டிருந்தாள்.

வாசகர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. 1980-ல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ 200-ஆம் இதழில், அன்று மிஸ் மார்வெல் என்ற பெயரில் இயங்கிய கேரல் டான்வர்ஸ் தன் விருப்பம் இல்லாமலே கர்ப்பமாக்கப்படுகிறாள். அவள் மனதைக் கருவியால் வளைத்து அதைச் செய்தவனோடு அவள் காதலாகிக் கிளம்பிப் போகிறாள், தோழர்கள் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். இது பாலியல் வன்முறை என்று ஒரு வாசகி நேரடியாகப் பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். 1981-ல் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் ‘அவெஞ்சர்ஸ்’ ஆண்டு மலரில் கேரலைத் திரும்பக் கொண்டுவந்து, ‘நான் என்ன ஆனேன் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா’ என்ற பொருள்பட அந்தத் தோழர்களையே எதிர்கொள்ள வைத்தார். இந்தக் கதையில் உடை ஒரு பிரச்சினையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த 200-ஆம் இதழை எழுதியவர்களே அவளை ஒரு ஆளாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

1988-ல் பேட்கேர்ளாக அறியப்பட்ட பார்பரா கார்டன் சுடப்பட்டு நடக்க முடியாமல் போனதும் இதே வகை. அந்தக் கதையில் அவள் வலிக்குக் கதைப் பயன், தந்தையும் பேட்மேனும் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்பது மட்டுமே. கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் அடுத்த ஆண்டே அவளை ஆரக்கிள் ஆக்கினார்கள், சக்கர நாற்காலியிலிருந்து தகவல்களால் மொத்த நாயகர் கூட்டத்தையும் இயக்குகிறவள். 1994-ல் ‘கிரீன் லேன்டர்ன்’ 54-ஆம் இதழில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடத்தப்பட்டாள். அவளுக்கு ஆரக்கிளாகும் வாய்ப்பு கிடைக்கவில்லை. காமிக்ஸ் வாசகி கெய்ல் சிமோன் 1999-ல் இப்படிக் கொல்லப்பட்ட, சக்தி இழந்த, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு இணையத்தில் வெளியிட்டார். அந்தப் பட்டியலுக்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: காமிக்ஸில் ஆண் நாயகர்களும் செத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சாவது தங்கள் கதையின் உச்சத்தில், பெரும்பாலும் திரும்பியும் வருவார்கள். பட்டியலில் இருந்த பல பெண்கள் இன்னொருவர் கதையைத் தொடங்கி வைக்கச் செத்தார்கள். பின்னாளில் சிமோனே வொண்டர் வுமன் இதழின் எழுத்தாளராகச் சில ஆண்டுகள் இருந்தார்.

1990-களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உடைந்த முதுகு, பாதம் வரையாத கால், ஒரே முகம் எல்லாமே அப்போதுதான் உச்சத்துக்குப் போயின. சேகரிப்பாளர் சந்தை வீங்கி வெடித்ததும் அப்போதுதான்.

மாற்றம் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்க ஒரு உடையை எடுத்துக்கொள்வோம். 2014-ல் பேட்கேர்ளுக்கு கேமரன் ஸ்டூவர்ட்டும் பேப்ஸ் டாரும் அமைத்த உடை அது. மேலே தோல் ஜாக்கெட், முன்னால் ஜிப். முதுகில் தொங்கும் கேப் தோளோடு தைத்ததில்லை, அழுத்துப் பொத்தான்களால் மாட்டியது. யாராவது பிடித்து இழுத்தால் கழன்று அவர்கள் கையில் போய்விடும், அவள் கழுத்து தப்பும். காலில் மஞ்சள் நிறத் தட்டையான பூட்ஸ், கயிறு கட்டியது. மாணவி ஒருத்தி குறைந்த பணத்தில் தானே திரட்டிக்கொள்ளக்கூடிய உடை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருந்ததால் வாசகிகள் அதை வீட்டிலேயே தைத்து அணிந்தார்கள். அவள் அழகாக இல்லையா என்றால் மிக அழகு. அழகுக்கும் செயலுக்கும் சண்டையே இல்லை என்பதை அந்த ஒரு வடிவமைப்பு காட்டிவிட்டது. அதற்கு முன் 2012-ல் கெல்லி சூ டிகானிக் எழுத, கேரல் டான்வர்ஸ் நீச்சல் உடையை விட்டு விமானி உடைக்கு மாறி கேப்டன் மார்வெல் ஆனாள். 2014-ல் ஜி. வில்லோ வில்சன் எழுத்தில் பதினாறு வயது கமலா கான், முஸ்லிம் பெண்கள் அணியும் முழு நீச்சல் உடையான புர்கினியை வெட்டித் தைத்த உடையில் மிஸ் மார்வெல் ஆனாள். முதல் சாகசத்தில் அவள் அறியாமலே பழைய மிஸ் மார்வெலின் பொன்னிற முடியும் குட்டை உடையும் அவள் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். நாம் இங்கே பேசுவதை எல்லாம் ஒரு பாத்திரம் கதைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டது. அந்தக் கதையின் தொகுப்பு 2015-ல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றது.

‘பெண் நாயகி இதழ்கள் விற்பதில்லை’ என்று யாராவது விற்பனைப் பட்டியலைக் காட்டினால் அது எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். பல ஆண்டுகளாக மாதந்தோறும் வெளிவந்த எண்கள் கடைகள் முன்கூட்டி வாங்கிய பிரதிகளின் மதிப்பீடு. வாசகர் வாங்கியது அதில் தெரியாது. டிஜிட்டல் விற்பனை அதில் இல்லை. புத்தகக் கடையிலும் நூலகத்திலும் போகும் தொகுப்புகள் இல்லை. மிஸ் மார்வெல் நன்றாக ஓடியது இந்த இரண்டு வழியிலும்தான். பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்த இதழை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

இந்தப் படங்கள் வாசகர்களை என்ன செய்கின்றன என்பதில் நான் நிதானமாகத்தான் பேசுவேன். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கவர்ச்சியாகக் காட்டப்பட்ட நாயகிகளின் திரைக்காட்சிகளைப் பார்த்த கல்லூரி மாணவிகளுக்குத் தங்கள் உடல் குறித்த திருப்தி குறைந்திருந்தது. கவனிக்கத்தக்க முடிவு. ஆனால் அது திரைப்படக் காட்சி, காமிக்ஸ் இல்லை. பார்த்தவுடன் கேட்ட கேள்விகள், பத்தாண்டுப் பழக்கத்தின் விளைவு இல்லை. அதை வைத்துக்கொண்டு ‘காமிக்ஸ் பெண்களைக் கெடுக்கிறது’ என்று முழங்கினால் 1954-ல் வெர்தாம் செய்ததையே திரும்பச் செய்வோம். அவர் நோயாளிகளின் வாக்குமூலங்களைத் தன் வாதத்துக்கு ஏற்ப வளைத்திருந்தார் என்பது பின்னாளில் அவருடைய ஆவணங்களை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. ஒரே படம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி தெரிவதும் இல்லை. 1968-ல் வொண்டர் வுமனின் சக்தியையும் நட்சத்திர உடையையும் நீக்கி, வெள்ளை உடையில் தற்காப்புக் கலை தெரிந்த சாதாரணப் பெண்ணாக மாற்றியவர்கள், அதை முன்னேற்றம் என்றுதான் நினைத்தார்கள். பெண்ணியப் போராளி குளோரியா ஸ்டைனம் அதை இழப்பு என்றார். 1972-ல் அவருடைய ‘மிஸ்’ பத்திரிகையின் அட்டையில் பழைய உடையில் வொண்டர் வுமன் பிரம்மாண்டமாக நடந்து வந்தாள், 1973-ல் சக்திகள் திரும்பின. அதே சிறிய உடை, ஒருவருக்கு இழிவு, இன்னொருவருக்குக் கொடி. அதனால்தான் அளவுநாடாவை உடைமேல் வைக்காமல் பேனல்மேல் வைக்கச் சொல்கிறேன்.

நீங்கள் வரைகிறவராகவும் இருந்தால் செய்யும் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் குச்சி உருவத்தில் செயலை மட்டும் போடுங்கள்: எடை எங்கே, பார்வை எங்கே, அடுத்த அசைவு எந்தப் பக்கம். அந்த நிலையில் நீங்களே நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். நிற்க முடியாவிட்டால் கோட்டை மாற்றுங்கள். பிறகு அவள் செய்கிற வேலைக்கு ஏற்ற உடல்வாகு: நீந்துகிறவளுக்குத் தோள் அகலும், பளு தூக்குகிறவளுக்கு இடுப்பும் தொடையும் தடிக்கும், நெடுந்தூரம் ஓடுகிறவள் ஒல்லியாக இருப்பாள். மூவரையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். முகத்துக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறு வேறு ஆளை மாதிரியாக வையுங்கள், கோபத்தில் மூக்கு சுருங்கட்டும், வலியில் வாய் கோணட்டும். உடையைக் கடைசியில் போடுங்கள். எங்கே தையல், எதைப் பிடித்து மாட்டுவது, எங்கே கிழியும், கைக்குட்டையும் சாவியும் எங்கே வைப்பாள் என்று முடிவு செய்த பிறகே கோடு. மை போடும் முன் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பாருங்கள்: கண் முதலில் அவள் கையில் போய் நிற்கிறதா, வேறெங்காவதா என்று அப்போது நன்றாகத் தெரியும்.